ஓர் அலமாரி, ஒரு நாள், 2,880 யூனிட்

ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் இரும்பு அலமாரி அது. எடை 1.3 டன்னுக்கு மேல். தட்டுத் தட்டாக அடுக்கிய பலகைகளில் 72 சிப்கள். அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்க 5,000க்கும் மேற்பட்ட செப்புக் கம்பிகள். எல்லாவற்றையும் நீட்டிப் பிடித்தால் 3 கிலோமீட்டரைத் தாண்டும். மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் கட்டத்தை இந்தச் சிப்கள் கடந்துவிட்டதால், தட்டுகளுக்கு உள்ளேயே மெல்லிய குழாய்களில் திரவம் ஓடுகிறது. ஓட்டம் நின்றால் சிப்கள் சூட்டில் தாக்குப்பிடிக்காது; அலமாரியை உடனே நிறுத்தியாக வேண்டும்.

என்விடியா நிறுவனம் 2024இல் அறிமுகப்படுத்திய ஜிபி200 என்விஎல்72 என்ற கணினி அலமாரி இது. செயற்கை நுண்ணறிவுக்கு நாம் கேள்வியைத் தட்டியதும் எங்கோ தொலைவில் பதிலைக் கணக்கிடுவது இதைப் போன்ற அலமாரிகள்தான். முழு வேகத்தில் ஓடும்போது ஒன்று இழுக்கும் மின்சாரம் சுமார் 120 கிலோவாட். ஒரு நாளைக்கு 2,880 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016இல் வந்தது. அந்தக் கணக்கில், 28 வீடுகளின் இரண்டு மாத இலவச மின்சாரத்தை இந்த ஓர் அலமாரி ஒரே நாளில் செலவழித்துவிடும். பெரிய தரவு மையம் ஒன்றில் இப்படிப்பட்ட அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

கணினியின் எதிர்காலம் என்றால் வேகம், கொள்ளளவு, விலை என்றுதான் இதுவரை பேசிவந்தோம். இப்போது முதல் கேள்வி வேறு: அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

உலகத் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து 2024இல் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் பயன்படுத்தின என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. உலக மின் நுகர்வில் இது ஒன்றரை சதவீதம். 2030இல் 94,500 கோடி யூனிட்டை எட்டும் என்பது அதன் மதிப்பீடு. இன்று ஜப்பான் நாடு முழுவதும் பயன்படுத்துவதைவிடச் சற்று அதிகம். ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சுமை உலகம் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கவில்லை. சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்குகிறது. அயர்லாந்தில் 2015இல் மொத்த மின் நுகர்வில் 5 சதவீதமாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023இல் 21 சதவீதமானது. அந்த நாட்டு நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியதைவிட அது அதிகம்.

இத்தனைக்கும் 2010 முதல் 2018 வரை நிலைமை நேர்மாறாக இருந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் உலகத் தரவு மையங்கள் செய்த கணக்கீட்டு வேலை ஆறு மடங்குக்கு மேல் பெருகியது. மின்சாரம் கூடியதோ 6 சதவீதம்தான். 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு சொன்ன கணக்கு இது. சிறுசிறு சர்வர்களை மூடிவிட்டுப் பெரிய மையங்களுக்கு மாறினார்கள்; குளிரூட்டலில் வீணானதைப் பிடித்து நிறுத்தினார்கள். எளிதில் மிச்சம் பிடிக்கக்கூடியதையெல்லாம் அப்போதே பிடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்தது செயற்கை நுண்ணறிவு.

சிக்கலின் வேர் சிப்புக்குள் இருக்கிறது. 1974இல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் ஒரு விதியை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அது இழுக்கும் மின்சாரமும் அதே அளவில் குறையும். ஆகவே அதே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரைத் திணித்தாலும் சூடு கூடாது. முப்பது ஆண்டுகள் கணினித் தொழிலே இந்த விதியின் தயவில் ஓடியது. 2005ஐ ஒட்டி அது நின்றுபோனது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதாகிவிட்டதால், அணைத்து வைத்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. சிப்பின் துடிப்பு வேகம் அன்று 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியிருந்தது. இருபது ஆண்டு கழித்தும் ஐந்தாறைத் தாண்டி ஓட முடியாமல் நிற்கிறது. வேகம் கூட்ட முடியாததால் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒன்றுக்குப் பதில் ஆயிரம் கணக்கீட்டு மையங்கள், ஒரு சிப்புக்குப் பதில் 72 சிப்கள். மின்கட்டணம் ஏறியதில் வியப்பில்லை.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. வெளியில் அதிகம் பேசப்படாதது. 1945இல் கணிதமேதை ஜான் வான் நாய்மன் எழுதிவைத்த அமைப்பைத்தான் இன்றுவரை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் பின்பற்றுகின்றன: நினைவகம் ஓரிடம், கணக்கிடும் பகுதி வேறிடம். எண்ணை அங்கிருந்து எடுத்துவந்து இங்கே பெருக்கி, விடையைத் திரும்ப அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். அடுப்பு வீட்டிலும் மளிகைச் சாமான் அடுத்த தெருவிலும் இருந்தால், ஒவ்வொரு முறை கடுகு தாளிக்கவும் ஓடிப்போய் வர வேண்டியிருப்பது போலத்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் இதை எண்களில் காட்டினார். இரண்டு எண்களைப் பெருக்க ஆகும் ஆற்றலைப் போல நூறு மடங்குக்கும் மேல், அந்த எண்களை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவரவே செலவாகிறது. செயற்கை நுண்ணறிவின் மாதிரிகள் கோடிக்கணக்கான எண்களின் குவியல்கள். ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் அந்தக் குவியலைத் திரும்பத் திரும்பப் புரட்டியாக வேண்டும். ஆக, நாம் கட்டும் கட்டணத்தில் கணிசமான பங்கு யோசிப்பதற்கு ஆவதில்லை. எண்களைத் தூக்கிச் சுமப்பதற்கு ஆகிறது.

எனவே வரப்போகும் தொழில்நுட்பங்களில் மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டியவை இந்தச் சுமைகூலியைக் குறைப்பவைதான். ஐபிஎம் ஆய்வகத்தில் தர்மேந்திர மோதா தலைமையிலான குழு 2023 அக்டோபரில் ‘நார்த்போல்’ என்ற சிப்பை வெளியிட்டது. மோதா, மும்பை ஐஐடியில் படித்தவர். மூளையில் நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்த்து அமைத்த சிப் அது. 2,200 கோடி டிரான்சிஸ்டர்கள், 256 கணக்கீட்டு மையங்கள். ஒவ்வொரு மையத்தின் பக்கத்திலேயே அதற்குரிய நினைவகம். படங்களை அடையாளம் காணும் சோதனையில், அதே தலைமுறைத் தயாரிப்பு முறையில் உருவான சாதாரணச் சிப்பைவிட அதே ஆற்றலில் 25 மடங்கு வேலையை அது செய்தது. வரம்பும் உண்டு: சிப்புக்குள் அடங்கும் அளவுக்கு மாதிரி சிறிதாக இருந்தால்தான் இந்த லாபம் முழுதாகக் கிடைக்கும். பெரிய மாதிரி என்றால் பல சிப்களைக் கோத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழுவினர் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். அவர்கள் செய்தது ருத்தேனியம் கலந்த மூலக்கூறுகளால் ஆன ஒரு மெல்லிய படலம். சாதாரண டிரான்சிஸ்டருக்கு இரண்டே நிலைகள்: அணைந்தது, எரிவது. இந்தப் படலமோ மின்கடத்தும் திறனில் 16,500க்கும் அதிகமான நிலைகளில் நிற்கக்கூடியது. நினைவில் வைப்பதும் அதிலேயே, கணக்கிடுவதும் அதிலேயே. 2024 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற புகழ்பெற்ற படத்தை, அந்தத் தொலைநோக்கியின் தரவிலிருந்து, இந்தப் படலத்தைக் கொண்டு ஒரு மேசைக் கணினியிலேயே மீட்டெடுத்துக் காட்டினார்கள். ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு இது போய்ச் சேர ஆண்டுகள் ஆகலாம், சேராமலும் போகலாம். ஆனாலும் பெரிய நிறுவனங்கள் மேலும் மேலும் மின்நிலையம் தேடி அலையும் நேரத்தில், தேவையையே அடிமட்டத்தில் குறைக்கும் இத்தகைய வேலை இந்தியாவில் நடப்பது பெருமைக்குரியது. இதற்கு நிதித் தட்டுப்பாடு வரக் கூடாது.

சிப்களுக்கு நடுவே செப்புக் கம்பிக்குப் பதில் ஒளியை அனுப்பும் முறையும் சுமைகூலியைக் குறைக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தகவலை ஒளியாக மாற்றும் கருவியைச் சிப்பின் பக்கத்திலேயே ஒட்டவைக்கும் ஏற்பாட்டை என்விடியா 2025இல் அறிவித்தது.

தேவையைக் குறைப்பதற்குள் மின்சாரத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் விசித்திரமான காட்சிகள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றின் நடுவே இருக்கிறது த்ரீ மைல் தீவு. 1979 மார்ச் 28 அன்று அங்கே இரண்டாவது அணு உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. அமெரிக்க அணுமின் வரலாற்றின் மிக மோசமான விபத்து. பக்கத்தில் இருந்த முதல் உலைக்குச் சேதமில்லை. அது 2019 செப்டம்பர் வரை ஓடி, மலிவான எரிவாயு மின்சாரத்தோடு போட்டியிட முடியாமல் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் அதன் உரிமையாளரான கான்ஸ்டலேஷன் நிறுவனம் உலையை மறுபடி இயக்கப்போவதாக அறிவித்தது. 835 மெகாவாட் உலையின் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டது மைக்ரோசாஃப்ட். கணினி நிறுவனத்துக்காக மூடிய அணு உலை திறக்கப்படும் என்று பத்தாண்டுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அடுத்த மாதமே சிறிய அணு உலைகளுக்காகக் கூகுள், கைரோஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. 2035க்குள் 500 மெகாவாட் என்பது இலக்கு.

ஆனால் அணுவைவிட அதிக நம்பிக்கை தரும் முயற்சி நிலத்துக்கு அடியில் நடக்கிறது. பூமியின் உட்சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது புதிதல்ல. ஐஸ்லாந்து பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. அங்கே சூடான பாறை, நீர், பாறையில் வெடிப்பு மூன்றும் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. மற்ற இடங்களில் பாறை சூடாக இருக்கும். நீர் ஊடுருவ வழியிருக்காது. வழியைச் செயற்கையாக உண்டாக்கும் பழைய யோசனையைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் டிம் லாட்டிமர். எண்ணெய்க் கிணறு தோண்டும் பொறியாளராக வேலை பார்த்தவர். ஃபெர்வோ என்ற நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். எண்ணெய்க்காரர்கள் கற்றுவைத்திருந்த வித்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். கிணறு முதலில் செங்குத்தாக இறங்கும். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே போனதும் வளைந்து கிடைமட்டமாக ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். அழுத்தத்தோடு நீரைச் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்குவார்கள். ஒரு கிணற்றில் குளிர்ந்த நீர் இறங்கும். பாறைகளுக்கிடையே புகுந்து சூடேறி, பக்கத்துக் கிணற்றில் மேலே வரும். நெவாடா மாநிலத்தில் 2023இல் நடந்த 30 நாள் சோதனையில் நொடிக்கு 63 லிட்டர் நீர் ஓடியது; பாறையின் சூடு 190 டிகிரிக்கு மேல். கிடைத்தது 3.5 மெகாவாட். அதே ஆண்டு நவம்பரில் கூகுள் தரவு மையங்களுக்கு உதவும் மின்தொகுப்பில் அந்த மின்சாரம் சேர்ந்தது.

3.5 மெகாவாட் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால்தான் யூட்டா மாநிலத்தில் 500 மெகாவாட் அளவில் பெரிய நிலையம் கட்டுகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது கிணற்றுச் செலவு. முதல் கிணறுகளுக்கு ஒன்றுக்கு 94 லட்சம் டாலர் ஆனது; சில கிணறுகள் தோண்டிய அனுபவத்திலேயே அது 48 லட்சம் டாலராக இறங்கியது. வெயிலையும் காற்றையும் நம்பாமல் இரவுபகல் ஓடும் மின்சாரம் இப்படி மலிவாகுமானால் பல நாடுகளுக்கு அது வழி திறக்கும். ஆபத்தும் தெரிந்ததே. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் இப்படி நீரைச் செலுத்தியபோது நில அதிர்வு வந்து திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் வந்த நிலநடுக்கத்துக்கும் இத்தகைய திட்டமே காரணம் என்று அரசு அமைத்த குழு கண்டறிந்தது, பலர் காயமடைந்தார்கள். எங்கே தோண்டுவது, எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்பதில் கண்காணிப்பு தளரவே கூடாது.

அணுக்கரு இணைவு? 2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். மகத்தான அறிவியல் சாதனை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். இந்தப் பத்தாண்டின் தரவு மையங்களுக்கு விடை இதிலிருந்து வராது.

மின்சாரத்தைத் தேடி அலைவதற்குப் பதிலாக, மின்சாரம் மிஞ்சும் நேரத்துக்கு வேலையைத் தள்ளிப்போடலாமே என்ற யோசனைதான் எல்லாவற்றிலும் எளியது. இணையத் தேடலுக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு மாதிரிக்குப் பயிற்சி கொடுப்பதை, காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதைச் சில மணி நேரம் நிறுத்திவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கூகுள் 2020 முதல் அவசரமில்லாத வேலைகளை வெயிலும் காற்றும் மிகுந்த நேரங்களுக்கு நகர்த்துகிறது. 2025இல், மின்தேவை உச்சத்துக்குப் போகும் வேளையில் செயற்கை நுண்ணறிவு வேலையைக் குறைத்துக்கொள்வதாக அமெரிக்காவின் இரண்டு மின் நிறுவனங்களோடு ஒப்பந்தமும் செய்தது. தொழிற்சாலையை நினைத்தபோது நிறுத்த முடியாது, வீட்டு விளக்கை அணைக்கச் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய சுமைகளில் எளிதாகக் காத்திருக்கக்கூடியவற்றில் ஒன்று கணினி.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசித் தள்ளும். சில நாட்களில் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை முழுதாக வாங்கிக்கொள்ள மின்தொகுப்பில் இடமிருக்காது. மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 1980களிலிருந்தே இருக்கிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று திட்டமிடப்பட்டது. சேமிப்பதோடு, காற்று மிகும் நேரத்தில் கூடுதலாக வேலை செய்யும் தரவு மையங்களும் சேர்ந்தால் வீணாகும் காற்று பயன்படும்.

தரவு மையங்களோ ஏற்கெனவே வந்துவிட்டன. கடலடித் தகவல் கம்பிகள் கரையேறும் ஊர் சென்னை. 2020இல் அந்தமானுக்குப் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கம்பியும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் சன்னலே இல்லாத பெரிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன.

இவை கக்கும் சூட்டை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ஃபின்லாந்தின் கயானி நகரில், மூடிய காகித ஆலை வளாகத்தில் லூமி என்ற மீக்கணினி நிற்கிறது. அது கக்கும் சூடு குழாய் வழியே வீடுகளுக்குப் போய், ஊரின் வெப்பத்தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தீர்க்கிறது. சென்னையில் அந்தச் சூடு யாருக்கும் வேண்டாம். இங்கே அதை வெளியேற்றவே இன்னும் மின்சாரமும் பல இடங்களில் தண்ணீரும் செலவிட வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த ஊர் இது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையை இந்த நகரத்தில் அனுமதிப்பது சரியல்ல. குழாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றும் திரவக் குளிரூட்டலைக் கட்டாயமாக்குவதே முறை.

திறன் கூடினால் செலவு தானாகக் குறைந்துவிடும் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. தன் செயற்கை நுண்ணறிவான ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி ஆகிறது, அதாவது ஒரு யூனிட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. ஒரே ஆண்டில் 33 மடங்கு குறைத்துவிட்டதாகவும் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அதே கூகுளின் தரவு மைய மின் நுகர்வு 2024இல் முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் கூடியிருந்தது. ஒரு கேள்விக்கான செலவு குறையக் குறைய, கேள்விகள் பெருகுகின்றன.

இந்தக் கணக்கையெல்லாம் நாம் பேச முடிவதே யாரோ எண்களை வெளியிட்டதால்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள தரவு மையங்கள் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் பயன்படுத்தின என்று 2024 முதல் அறிக்கை தர வேண்டும். ஜெர்மனி 2023இல் சட்டமே போட்டது: 2026 ஜூலைக்குப் பிறகு தொடங்கும் மையங்களில் கணினிக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், குளிரூட்டல் உள்ளிட்ட மற்ற செலவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தமிழ்நாடு தரவு மையங்களுக்கு நிலமும் சலுகையும் தருகிறது. பதிலுக்கு ஒவ்வொரு மையமும் மூன்று எண்களை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையல்ல: எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், அந்த மின்சாரத்தில் காற்றும் வெயிலும் எத்தனை சதவீதம். அடுத்த முறை கொள்கையைத் திருத்தும்போது அரசு இதைச் சேர்க்க வேண்டும்.